டீச்சரின் படகு

கடைத்தெருவில் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்குத் தக்கபடி ஓரம் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் வில்லை சட்டத்தில் உட்காராது. அவள் கையில் பிசகியதாக யாரும் சொன்னதில்லை. "கண்ணாடியம்மா கை பட்டா, மூக்கு மேல ஒண்ணு இருக்கிறதே தெரியாது" என்று கடை முதலாளி வாடிக்கையாளர்களிடம் பீற்றிக்கொள்வார்.

ஐம்பது வயது தாண்டும் வரை கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அதை ஒரு குறையாக அவள் தூக்கிச் சுமக்கவும் இல்லை. கடைக்கு மேலேயே ஓர் அறை. படி இறங்கினால் வேலை, படி ஏறினால் வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சலூனின் சுழலும் விளக்கு. பொழுது போயிற்று.

படிக்கிற கண்ணாடி வாங்க வந்தவர்தான் ஃபிட்டர். ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சட்டம் மூக்கை அழுத்துகிறது என்று ஒரு தடவை வந்தார். காதைக் கடிக்கிறது என்று இன்னொரு தடவை வந்தார். அடுத்த தடவை வந்தபோது அவள் கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"சார், இது நல்லாத்தானே இருக்கு?"

"தெரியும்மா. சும்மாதான் வந்தேன்."

அவர்களுடைய காதல், கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த ஒரு வரியில் அடக்கம்.

ஃபிட்டரிடம் ஒரு படகு இருந்தது. பழைய இரும்புக் கூடாக வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, விடுமுறை நாளெல்லாம் அதிலேயே கிடந்து அவரும் முதல் மனைவியும் சேர்ந்து கட்டிய படகு. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். புருஷன் உட்பட ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியிருப்பது, ஆற்றோடு மேலே மேலே போய்க்கொண்டே இருப்பது என்பது அவர்கள் திட்டம். படகு தண்ணீரில் இறங்கும் முன்பே டீச்சர் போய்விட்டாள்.

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இது டீச்சரோட ஆசை. என்னோட ஆசையும்தான். வர்றீங்களா?" என்று ஃபிட்டர் கேட்டார். இந்த வயதில் வாங்க போங்க என்றுதான் இருவருக்கும் வந்தது.

வருகிறேன் என்றாள். ஆனால் அறையை விடவில்லை. முதலாளிதான் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் விடமாட்டேன். தண்ணி ஒத்துக்கலைன்னா பேசாம கிளம்பி வந்துடு. ரெண்டுல ஒண்ணு சொல்லிடு, அது போதும்." ஃபிட்டரிடம் இதைச் சொன்னபோது, "வெச்சுக்கோங்க, நல்லதுதான்" என்றார். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குப் பட்டது.

படகுக்குள் ஒருவர் நடந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் படுக்கை. நடுவில் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும். பின்பக்கம் சுக்கான் சக்கரம், அதன் முன்னால் ஒரு முக்காலி. முக்காலிக்கு இடப்பக்கச் சுவரில் கியர். அதை முன்னே தள்ளினால் படகு முன்னே போகும். பின்னே இழுத்தால் பின்னே போகும். படகுக்கு பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் பின்னே இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் வித்தை என்றார் ஃபிட்டர்.

அந்த இவ்வளவுதான் அவளுக்கு வரவில்லை.

முதல் ஊரின் துறையில் கரை நெருங்கி வந்தபோது, முன்பக்கம் கயிற்றோடு நின்ற ஃபிட்டர் "இழுங்க, இழுங்க!" என்று கத்தினார். அவள் பதறிப்போய் இழுத்தாள். அவள் கை பிடித்து இழுத்தது வலப்பக்கச் சுவரின் கைப்பிடியை. அது சும்மா பிடித்துக்கொள்ள வைத்த கம்பி. படகு நேரே போய்த் துறையின் மரச்சட்டத்தில் முட்டி, அடுப்பிலிருந்த பாத்திரம் உருண்டு விழுந்தது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அம்மா, அடுத்த தடவை முன்னாடியே சொல்லி அனுப்புங்க. துறையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுடறோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். ஃபிட்டர் திட்டவில்லை. நசுங்கிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பழகிடும்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

பழகவில்லை. கயிறு சுருட்டச் சொல்லிக்கொடுத்தார். அவர் காட்டியபடியே சுருட்டினால் அவள் கையில் முறுக்கிக்கொண்டு பாம்பு மாதிரி துள்ளியது. அடுப்படி இழுப்பறையிலிருந்த கத்தரிக்கோல் பால் பாக்கெட்டை வெட்டாமல் மடித்தது. அடுப்படி அலமாரிக் கதவு திறக்கும்போதெல்லாம் முழங்கையில் இடித்தது. வாழ்நாள் முழுக்கக் கையை நம்பிப் பிழைத்தவள், இப்போது தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சந்தேகமாகப் பார்த்தாள். வயசாகிவிட்டதோ?

"நானும் டீச்சரும் ஹால்ல நாற்காலி போட்டு ஒத்திகை பார்ப்போம்" என்று ஒரு சாயங்காலம் ஃபிட்டர் சொன்னார். "நான் கயிறு, அவ சுக்கான். சோபாதான் துறை. டக்குனு நிறுத்திடுவா."

டீச்சர் ஒரு நாளும் இந்தப் படகை ஓட்டியதில்லை. ஆனால் ஃபிட்டரின் மனதில் டீச்சர் ஒரு தடவைகூட எதிலும் இடித்ததில்லை. அவளோடு எப்படிப் போட்டி போடுவது?

பகலில் எஞ்சின் சத்தம். அவர் முன்னால், இவள் பின்னால். பேச்சென்றால் கையசைவுதான். சாயங்காலம் ஏதாவது துறையில் கட்டியதும் அவர் எஞ்சின் மூடியைத் திறந்துகொண்டு உள்ளே தலையை விட்டுவிடுவார். அவள் முக்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பாள். அறையில் தனியாக இருந்தபோது அவள் தனியாக இருக்கிறோம் என்று நினைத்ததே இல்லை. யாரையும் எதிர்பார்க்காத இடம் அது. இங்கே கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு மனிதர். அவர் எப்போது திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆற்றோரத்து டீசல் பங்க் ஒன்றில் நின்றபோது ஃபிட்டர் ஏதோ நட்டு வாங்கக் கடைக்குப் போயிருந்தார். பங்க் வைத்திருந்த பெண் நல்ல உரத்த குரல்காரி. குழாயைப் போட்டுவிட்டு, உரிமையோடு படகுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது எங்க டீச்சரோட படகாச்சே! எனக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்தவங்க. கொட்டகைல இருந்தப்ப நானே வந்து பார்த்திருக்கேன்." அவள் கண் கியரில் விழுந்தது. கைதட்டிச் சிரித்தாள். "அட, கியரைக்கூட இந்தப் பக்கமா வெச்சாரு மனுஷன்! பொண்டாட்டின்னா இப்படி வெச்சுத் தாங்கணும்."

"ஏன், எந்தப் பக்கம் வைப்பாங்க?"

"தெரியாதாக்கா? டீச்சர் இடது கைக்காரி. போர்டுல ஒரு வரி எழுதினா பாதி அவங்க கையிலயே ஒட்டிட்டு வந்துடும். பசங்க பீச்சாங்கை டீச்சர்னு பேர் வெச்சிருந்தோம். காதுல விழுந்தா அடி பின்னிடுவாங்க, அதுவும் அந்தப் பீச்சாங்கையாலேயே!"

அவள் போனதும், கண்ணாடியம்மா உள்ளே வந்து இழுப்பறையைத் திறந்தாள். கத்தரிக்கோலை எடுத்து இடது கையில் மாட்டிக்கொண்டு ஒரு காகிதத்தை வெட்டினாள். சரக்கென்று வெட்டியது. அலமாரிக் கதவைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. தன் கைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை! கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது உறைத்தது. இந்தப் படகில் ஓர் ஆணிகூட அவளை எதிர்பார்த்து அடிக்கப்படவில்லை.

ஃபிட்டர் திரும்பி வந்ததும் கேட்டாள். "கியரை ஏன் இடப்பக்கம் வெச்சீங்க?"

அவர் விழித்தார். "படகுல அப்படித்தானே இருக்கும்?"

அவள் பக்கத்தில் கட்டியிருந்த படகுகளைக் காட்டினாள். எல்லாவற்றிலும் கியர் வலப்பக்கம் இருந்தது. ஃபிட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே துறையின் கடைசி வரை நடந்தார். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"சத்தியமா எனக்கே தெரியலைங்க. எங்க வீட்டுல எல்லாமே அப்படித்தான் இருந்தது. பீரோ, அடுப்பு, தாழ்ப்பாள்... நானே அந்தப் பக்கமாத்தான் கை நீட்டுவேன். அதுதான் சரியான பக்கம்னு ஆயிடுச்சு."

"மாத்த முடியுமா?"

"ஓ, முடியுமே. அரை மணி நேர வேலை."

அந்த அரை மணி நேரம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஒரு நாள் கருவிப் பெட்டியைத் திறந்தார், எஞ்சின் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அதில் இறங்கிவிட்டார். இன்னொரு நாள் திருகாணியில் ஸ்க்ரூடிரைவரை வைத்தவர், மழை வரும்போலிருக்கிறது என்று எடுத்துவிட்டார். வானம் பளிச்சென்று இருந்தது. அவள் கேட்கவில்லை. இடது கையாலேயே தள்ளி, இடது கையாலேயே இழுத்து, ஒவ்வொரு துறையிலும் உரசிக்கொண்டே போனாள். மாதம் முடிகிற நேரம் வந்தது.

ஒரு சாயங்காலம் அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அடுத்து வர்ற ஊர்ல ரயில் நிக்குதாம். நான் ரூமுக்கே போயிடலாம்னு பார்க்கிறேன்."

தட்டோடு திரும்பினார். "கியருக்காகவா?"

"கியருக்காக இல்லைங்க. அந்த முக்காலில உட்காரும்போதெல்லாம், இடத்துக்குச் சொந்தக்காரங்க வந்தா எழுந்துக்கணுமேன்னே உட்கார்ந்திருக்கேன்."

"அவ வரமாட்டா."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?"

ஃபிட்டர் கழுவிய தட்டையே மறுபடி கழுவினார்.

காலையில் அவர் எஞ்சினைக் கிளப்பவில்லை. கருவிகளைப் பரப்பிக்கொண்டு கியருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆலையில் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கக்கூடிய வேலை அது. ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, துடைத்து, துணியில் வரிசையாக வைத்தார். நடுநடுவே ஒன்றும் செய்யாமல் இருந்தார். அவள் உள்ளே உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டாள். சத்தம் நின்றால் தலையைத் தூக்கினாள், எழுந்து போகவில்லை. ஆறுதல் சொல்கிற உரிமை தனக்கு உண்டா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்.

"கொஞ்சம் வந்து உட்காருங்க. நேரா பாருங்க. இப்ப கையை நீட்டுங்க. யோசிக்காதீங்க, சும்மா நீட்டுங்க."

நீட்டினாள். விரல் பட்ட இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். சரியா என்று இன்னொரு தடவை நீட்டச் சொன்னார். எத்தனையோ முகங்களுக்கு அவள் அளவு எடுத்திருக்கிறாள். அவளுக்கென்று இப்படி நிதானமாக அளவு எடுத்தவர் யாருமில்லை. முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தாள்.

கியர் வலப்பக்கம் ஏறியது. இடப்பக்கச் சுவரில் நாலு ஓட்டைகளும், கியர் மறைத்திருந்த இடத்தில் வெயில் படாத பெயிண்டும் மிஞ்சின.

"ஓட்டையை அடைச்சிடவா?" என்று கேட்டார் ஃபிட்டர். கேட்கும்போது அவளைப் பார்க்கவில்லை.

இருக்கட்டும் என்ற பதிலை அவர் எதிர்பார்க்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிட்டால் பெருந்தன்மைக்காரி என்று பெயர் கிடைக்கும். ஆனால் அப்புறம் தினமும் அந்த நாலு ஓட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அடைச்சிடுங்க" என்றாள்.

பசையைக் குழைத்து அடைத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். சமமான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ரயில் நிற்கும் ஊரின் துறைக்கு அவள்தான் படகைக் கொண்டு வந்தாள். கரை நெருங்கியது. அவர் எதுவும் கத்தவில்லை. வலது கை தானாகப் போய் இழுத்தது. தண்ணீர் கொதிப்பதுபோல் நுரைத்து அடங்க, படகு துறையின் பக்கத்தில் வந்து நின்றது. உரசல்கூட இல்லை. சிரிக்கவோ பாராட்டவோ கரையில் ஒரு ஆளும் இல்லை. ஃபிட்டர் இறங்கிக் கயிற்றைக் கட்டினார். கட்டிவிட்டு அங்கேயே நின்றார். அவள் பெட்டியோடு வருவாளா என்று பார்க்கிறார்.

அவள் முக்காலியிலிருந்தே முதலாளிக்கு ஃபோன் போட்டாள்.

"என்னம்மா, எப்படி இருக்கு அங்க?"

"தண்ணியா இருக்குங்க."

"நக்கலா! சரி, சொல்லு. ரூமை வெச்சுக்கவா, விடவா? நேத்துகூட ஒருத்தன் வந்து கேட்டுட்டுப் போனான்."

"விட்டுடுங்க."

"நல்லா யோசிச்சியா? அப்புறம் வந்து நின்னா, எங்கிட்ட வேற இடமில்ல."

"யோசிச்சிட்டேன்."

ஃபோனை மடியில் வைத்தாள். எதிர்ச் சலூன் விளக்கை இனி வேறு யாரோ பார்ப்பார்கள். அறை மொத்தமும் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போயிற்று, மூலையிலிருந்த பக்கெட் உட்பட.

ஃபிட்டர் ஏறி வந்து முன்பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தார்.

"ரூமை விட்டுட்டேன்" என்றாள் அவள்.

தலையசைத்தார். நன்றி என்றோ சந்தோஷம் என்றோ ஒன்றும் வரவில்லை. "நேத்துலேர்ந்து அவளையேதான் நினைச்சிட்டு இருக்கேன்" என்றார்.

"தெரியும்."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு" என்றாள். "நீங்க நினைங்க."

ஆற்றின் நடுவில் ஒரு சரக்குப் படகு கடந்து போயிற்று. அதன் அலை வந்து மோத, படகு ஆடியது. ஃபிட்டர் முன்பக்கம் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவள் பின்பக்கம் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் அடங்கும் வரை இருவரும் அவரவர் இடத்திலேயே இருந்தார்கள்.