பின்கதவுத் தகடு

என் வேலையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்வேன். எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டினேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. மரக்காணத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் டிங்கரிங் வேலை செய்கிறேன். உப்பளத்துக் காற்றில் ஒரு வண்டி முதலில் எங்கே அரிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். துரு தின்ற ஓட்டையில் பேப்பரைத் திணித்து, பட்டி பூசி, மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையெல்லாம் என்னிடம் கிடையாது.

அந்தப் பழைய அம்பாசிடர் ஓர் உப்பள மேஸ்திரியுடையது. ஆரோவில்லில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. மேஸ்திரி அதை வாங்கி, கல்யாணங்களுக்குப் பெண் மாப்பிள்ளை வண்டியாக ஓட்டினார். நாள் முழுக்க வெயிலில் ஆட்களை வைத்து உப்பு வாரிவிட்டு, சாயங்காலம் வீட்டு வாசலில் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதன் பின்கதவு இரண்டும் அடியில் அப்பளமாக உதிர்ந்துவிட்டன. நான்தான் உளுத்ததை அறுத்தெடுத்து, புதுத் தகடு மடித்து, வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். நல்ல கனமான தகடு.

இந்த வருடம் மழை முடிந்ததும் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்துவிட்டது. மேஸ்திரி என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். அதைச் செய்யவில்லை. என் பட்டறைக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து, எண்ணெய் டின்னை வெட்டி வைத்துப் பட்டி பூசி ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். முதலில் டீ மாஸ்டர் என் காதில் போட்டார். அப்புறம் கறிக்கடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே விசாரித்தார். அப்புறம் கிளியனூரிலிருந்து ஒருவர் போன் செய்து, என்னிடம் விடுவதாக இருந்த வேனைத் திண்டிவனத்திலேயே விட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். இழுத்தார். எனக்குச் சுர்ரென்று மண்டைக்கு ஏறியது. இந்த ஊரில் எனக்கென்ன நிலம் நீச்சா இருக்கிறது? நல்ல வேலைக்காரன் என்கிற பெயர் ஒன்றுதான். அதையும் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கெடுத்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

மேஸ்திரிக்குப் போன் போட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள், நாலு பேர் முன்னால் கதவைப் பிளந்து காட்டுகிறேன் என்றேன். மறுநாள் காலையிலேயே கொண்டுவந்துவிட்டார். டீக்கடையில் உப்பு மூட்டை ஏற்றுகிற ஆட்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நானே போய் எல்லோரையும் கூப்பிட்டேன். டீ மாஸ்டர்கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்றார்.

கிரைண்டரைப் போட்டு இடது பின்கதவின் அடியை அறுத்தேன். அறுத்ததுதான் தாமதம், உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீர் துருச்சேறாக என் காலில் கொட்டியது. குமட்டுகிற நாற்றம். அறுத்தெடுத்த துண்டின் ஓரத்தைக் காட்டி, இது எண்ணெய் டின்னா, கனத்தை நீங்களே பாருங்கள் என்று எல்லோர் கையிலும் கொடுத்தேன். கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் கறுப்பாகத் தார் பூசியிருந்தது.

யார் பூசியது என்று கேட்டேன்.

"நான்தாம்பா. உப்புக் காத்து உள்ள ஏறக்கூடாதுன்னு பூசினேன்" என்றார் மேஸ்திரி.

கிடைத்தது என்று பிடித்துக்கொண்டேன். எந்தக் கதவுக்குள்ளும் மழைத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக உள்ளே போகும், அடியில் இருக்கிற துளைகள் வழியாக வடிந்துவிடும். அந்தத் துளையை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று எப்பேர்ப்பட்ட தகட்டையும் தின்றுவிடும். இதைக் கூட்டத்துக்கே பாடமாக எடுத்தேன். துளையை அடைத்ததும் நீங்கள், பழி மட்டும் எனக்கா என்று கத்தினேன். அதோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

"உப்பு வார்றவங்களுக்குக் காரப் பத்தி இன்னா தெரியும்? தெரியாதுன்னா வாய மூடிக்கினு இருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் உப்பில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் கையிலிருந்த தகட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி சாவியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, ரோட்டைத் தாண்டிப் பஸ்ஸுக்குப் போய் நின்றார். நான் ஒரு டீ சொல்லி நிதானமாகக் குடித்தேன். அவ்வளவு திருப்தி எனக்கு.

மறுநாள் வலது கதவில் கை வைத்தேன். மண்ணெண்ணெய்த் துணியால் தாரை ஊறவைத்துச் சுரண்டினேன். கீழே இருக்கிற துளைகளைக் குத்தித் திறந்தால் தண்ணீர் வடிந்துவிடும், அப்புறம் அறுக்கலாம் என்று கணக்கு. முழுக்கச் சுரண்டிவிட்டேன். துளையைக் காணோம். டார்ச் அடித்து, விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவிப் பார்த்தேன். மொழுக்கென்று இருந்தது. ஓடிப்போய் முந்தின நாள் அறுத்தெடுத்த துண்டைப் பொறுக்கி, அதிலிருந்த தாரையும் சுரண்டினேன். அதிலும் துளை இல்லை. மேஸ்திரி எதையும் அடைக்கவில்லை. அடைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மடித்தது என் கை. வெல்டிங் வைத்தது என் கை. அப்போது ஒரு முகூர்த்தத்துக்கு வண்டி வேண்டும் என்று அவர் அவசரப்படுத்தினார். பெயிண்ட் காய்ந்த பிறகு துளை போட்டுக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டது ஞாபகம் வந்தது. போட்ட ஞாபகம் மட்டும் வரவில்லை. மடையன், மடையன் என்று வாய்விட்டே திட்டிக்கொண்டேன். டிரில்லை எடுத்து பிளக்கில் மாட்டினேன். கதவுக்கு மூன்று துளை. ஐந்து நிமிஷ வேலை. எவனுக்கும் தெரியப்போவதில்லை. பிட்டைத் தகட்டில் வைத்து அழுத்தியும்விட்டேன். தகட்டுச் சுருள் பறந்தது. என்மேலேயே அருவருப்பு வந்து, டிரில்லைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு பைக்கைக் கிளப்பினேன்.

மேஸ்திரி உப்பளத்தில் குவியல்களுக்குக் கீற்று மூடிக்கொண்டிருந்தார். ஆட்கள் தூரத்துப் பாத்தியில் நின்றார்கள். அவர்கள் கிட்டத்தில் இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துளை போடாதது நான், தாரால் எந்தக் கெடுதலும் இல்லை, இரண்டு கதவையும் திரும்ப என் செலவில் செய்து தருகிறேன் என்றேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் கீற்றின்மேல் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"நான் உன்னப் பேசினதும் தப்புதான். டீக்கடையில பேசினேன். ஆனா நீ என்னத் திட்டினது நாலு பேர் முன்னாடி. இத மட்டும் இவ்ளோ தூரம் வந்து தனியா சொல்ற."

கதவுகளைச் செய்து கொடுத்துவிட்டேன், துளையோடு. வண்டி மறுபடி கல்யாணங்களுக்கு ஓடுகிறது. மேஸ்திரி இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. டீக்கடையில் இன்றைக்கும் என்னைக் காட்டி, இவர் கை பட்ட தகடு துரு பிடிக்காது என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.