மிளகுக் களத்தில் ராணி வேஷம்

மலைமேல் இருக்கும் எங்கள் வளப்பூர் நாட்டில் அவரை எல்லோரும் மிளகுக்கார அம்மா என்பார்கள். கல்யாணமான புதிதில் வீடு வீடாகப் போய் மிளகு வாங்கி, மூட்டையைத் தலையில் வைத்து பஸ்ஸுக்கு நடந்தவர். பிறகு சொந்த லாரி, அடிவாரத்தில் குடோன், கப்பலேறிப் போகும் சரக்கு என்று வளர்ந்தார். வயதானதும் வியாபாரத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு மலைக்கே திரும்பினார். ஓய்வெடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் ஓய்வெடுத்து நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் இருந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டினார். பிரசவ வலி கண்டால் அடிவாரத்துக்குக் கொண்டுபோக ஒரு ஜீப்பை நிறுத்தி வைத்தார். அப்புறம் கூத்துக்காரர்கள் பக்கம் திரும்பினார். உடுப்பு, மத்தளம், ஊர் ஊராகப் போய்வர வண்டி, எல்லாம் அவர் செலவு. எனக்கு அவரைப் பார்த்தாலே வாய் அடைத்துப்போகும். மற்றவர்களிடம் நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவர் களத்தில் மிளகு பொறுக்கும் வேலை எனக்கு. பாடிக்கொண்டேதான் பொறுக்குவேன். ஒருநாள் பின்னால் வந்து நின்றார்.

“ஏனம்மணி, இந்தத் தொண்டைய வச்சுக்கிட்டு மொளகு பொறுக்கிட்டிருக்கியா?”

மறுநாளே கூத்து வாத்தியார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ராணி வேஷத்தை எனக்குக் கொடுக்கச் சொன்னார். அவருடைய கூத்து ஜமாவில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். வாத்தியாருக்கு மனசே இல்லை. அம்மா சொல்லைத் தட்ட முடியாமல் ஒப்புக்கொண்டார்.

“கத்துக் கொடுக்கறனுங்க. ஆனா சனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா, இந்தப் புள்ள அப்புறம் வேஷம் கேக்கக் கூடாதுங்க.”

“சரி” என்றார் அம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் ராணி வேஷம் ஆயிற்றே, கற்றுக்கொள்ளப் போய்விட்டேன்.

கூத்துக்குத் தன் மிளகுக் களத்தையே ஒழித்துக் கொடுத்தார். அறுவடை நேரத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகை அள்ளி உள்ளே போடச் சொன்ன வியாபாரியை நான் அன்றுதான் பார்த்தேன். பெண்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பகலிலேயே ஆடச் சொன்னார். மேடையில் தன் பேரை எடுக்கவே கூடாது என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்.

அங்கேதான் வம்பு வந்தது. எங்கள் கூத்தில், உதவி செய்தவர் பேரைக் கோமாளி நடுவில் ஆட்டத்தை நிறுத்திச் சொல்லுவார். எத்தனையோ வருஷமாக நாக்கில் ஊறிப்போன பழக்கம். இறந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ராணி ஒப்பாரி வைக்கும் கட்டம். என் குரல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. கோமாளி மைக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே குதித்தார்.

“விடுதி கட்டிய புண்ணியவதி, ஜீப்பு கொடுத்த மகராசி, நம்ம மொளகுக்கார அம்மா அவர்களுக்கு...”

மத்தளம் நின்றது. கூட்டம் கை தட்டியது. கைதட்டலோடு நாலைந்து ஆண்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். எனக்கு அடுத்த அடி மறந்துபோனது. திரைக்குப் பின்னால் வழக்கமாக ராணி வேஷம் கட்டுபவர் சேலை கட்டித் தயாராக நின்றார். வாத்தியார் அவரைப் பார்த்துத் தலையசைத்ததை நான் பார்த்துவிட்டேன். முடிந்தது என் கதை.

அம்மா எழுந்து வந்தார். கோமாளியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

“எம்பேர யாரு கேட்டா? அங்க ஒருத்தி புள்ளயப் பறிகொடுத்துட்டு அழுதுக்கிட்டிருக்கா. அவ அழுது முடிக்கட்டும்.”

மேடை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மைக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

“நீ பாடு சாமி” என்றார் திரும்பாமலே.

பாடினேன். எங்கிருந்து குரல் வந்தது என்று எனக்கே தெரியாது. ராணியின் பிள்ளைக்காக அழுதேனா, என் வேஷத்துக்காக அழுதேனா, அதுவும் தெரியாது. அவருடைய வெள்ளைக் கொண்டை மட்டும் கடைசிவரை கண்ணெதிரே இருந்தது.

கூத்து முடிந்து முகத்து அரிதாரம்கூடக் கலைக்காமல் அவரிடம் ஓடினேன். “நல்லா இருந்துச்சுங்களா?”

“எனக்கெப்படிக் கண்ணு தெரியும்? ஒனக்கு முதுகக் காட்டிக்கிட்டு சனத்தையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்.”

தான் நடத்திய கூத்தை அவர் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகையை மறைக்கக் கிண்டல் செய்தேன். “நீங்க மொறைச்ச மொறைப்புல பயந்து உக்காந்திருப்பாங்க.”

“எந்திரிச்சவனெல்லாம் மொறைச்சதும் உக்காந்தானுங்க, நெசந்தான்” என்றார். “ஆனா நீ பாட ஆரம்பிச்சப்புறம் ஒருத்தனும் என்னையப் பாக்கவே இல்ல கண்ணு.”