டிபன் பாக்ஸுக்குள் இருந்த 'டப்'

சால்டரிங் புகையும் காசிமேட்டு மீன்வாடைக் காற்றும் கலந்தால் ஒரு வாசனை வரும். ராயபுரத்தில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறை முழுக்க அந்த வாசனைதான்... ரெண்டாயிரத்துக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பின்.

எண்ணூர் கன்டெய்னர் யார்டில் எனக்குக் கணக்கெழுத்து வேலை. சாயங்காலமானால் எட்வின் அண்ணன் நடத்திய லைட் மியூசிக் குழுவில் கிடார்.

கடையில் விற்கும் எஃபெக்ட்ஸ் பெடல் எல்லாம் எங்களுக்கு எட்டாத பொருள். பிரவுசிங் சென்டரில் ஒரு சர்க்யூட் படத்தை பிரின்ட் எடுத்து, ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, அலுமினிய டிபன் பாக்ஸில் துளை போட்டு நானே ஒன்று செய்தேன். காலால் மிதித்தால் கிடார் சத்தம் கரகரப்பாகும். மறுபடி மிதித்தால் பழையபடி சுத்தமாகும்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு வெடி.

"சரி பண்ணிட்டியாடா?" என்று எட்வின் அண்ணன் கேட்டபோது, "பண்ணிட்டேன்ணா" என்று சொல்லிவிட்டேன். பண்ணவில்லை.

அந்த சமயத்தில்தான் குழுவுக்குப் பாட வந்தாள் குமுதா. திருவொற்றியூர்க்காரி. யூ.பி.எஸ். செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் போர்டுகளை டெஸ்ட் பண்ணும் வேலை. என் வயதுதான்.

அவளுக்கு முதல் மேடை, வியாசர்பாடியில் ஒரு ஃபுட்பால் டோர்னமென்ட்டின் பரிசளிப்பு விழா. ஹவுசிங் போர்டு மாடிகளில் எல்லாம் ஜனம். பாட்டுக்கு முன்னால் கரகரப்பாக ஒரு கிடார் துண்டு, பிறகு ஒரு நொடி அமைதி. அந்த அமைதியில் அவள் தனியாக ஆரம்பிக்க வேண்டும்.

வாசித்து முடித்தேன். அவள் மூச்சு இழுத்தாள். நான் மிதித்தேன்.

டப்.

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. சுருதி எங்கோ போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தாள், குரல் நடுங்கியது. கீழே விசில், சிரிப்பு. எட்வின் அண்ணன் கண்ணைக் காட்ட, இன்னொரு பாடகர் மைக்கை வாங்கிக்கொண்டார். குமுதா மேடைக்குப் பின்னால் போய் சாமான் மூட்டைகள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் எட்வின் அண்ணன் சொன்னார்: "மைக்கு டப்புன்னதுக்கே அந்தப் பொண்ணுக்கு சுருதி போச்சு. ஸ்டேஜ் பயம் கீதுப்பா. வேற ஆளப் பாப்போம்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது.

அந்த வாரம் முழுக்க டிபன் பாக்ஸைத் திறந்து மூடினேன். வயரை மாற்றினேன், ஸ்விட்சை மாற்றினேன், புது பேட்டரி போட்டேன். டப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பெடல், கிடார், சின்ன ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவொற்றியூருக்குப் போனேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"அன்னிக்கு வந்த சத்தம் என் பொட்டிலேர்ந்து வந்துச்சு குமுதா. சரி பண்ணிட்டேன்னு அண்ணங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் என் கையிலிருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

"அப்ப நா தப்பா பாடல?"

"இல்ல."

"ஒரு வாரமா தூங்கல நானு. அம்மா முன்னாடி கூட பாடல, தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவள் உள்ளே போனாள். கதவை மூடிவிடுவாள் என்று நினைத்தேன். மல்டி மீட்டரோடு வந்தாள்.

"இன்னா பாத்துகினு நிக்கிற... உள்ள வா. சொருகு."

என்னை மிதிக்கச் சொன்னாள். டப். உடனே இன்னும் ரெண்டு தரம் மிதிக்கச் சொன்னாள். சத்தம் லேசாகத்தான் வந்தது. அவள் அம்மா கொடுத்த டீயைக் குடித்து முடிக்கும் வரை சும்மா விட்டு, "இப்ப மிதி" என்றாள். பழையபடி பெரிய வெடி.

இத்தனை நாள் மிதித்த எனக்கு அது காதில் விழுந்ததே இல்லை.

"பாத்தியா? சும்மா கெடந்தா பெர்சா வருது. உள்ள கெபாசிட்டர்லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா கரண்ட்டு கசிஞ்சு சேந்துகினு கீது. போறதுக்கு வழி இல்ல. நீ மிதிச்சா மொத்தமா பாயுது."

தன் உதிரிபாக டப்பாவிலிருந்து 'ஒன் மெக்' ரெசிஸ்டர் ஒன்றை எடுத்தாள், கரண்ட்டைக் கொஞ்சமாக மட்டும் விடும் பொடிப் பாகம். அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. சத்தம் உள்ளே வரும் இடத்திலிருந்து எர்த்துக்கு அதை சால்டர் வைத்தாள், கசிவது அவ்வப்போது வடிந்துபோக ஒரு வழி. பாதி குறைந்தது. வெளியே போகும் இடத்தில் இன்னொன்று. மிதித்தேன். ஸ்விட்சின் 'டிக்' மட்டும், அதுவும் காலடியில். ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை.

அப்போதே ஓடிப்போய் எட்வின் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"சொல்லு. ஆனா பொட்டிய எடுத்துகினு போய் சொல்லு. வெறுங்கையோட போனா உன்னியும் தூக்கிடுவாரு. அப்புறம் ரெண்டு பேருக்கும் சான்ஸ் போச்சு."

மறுநாள் பிராக்டிஸில் எல்லார் முன்னாலும் சொன்னேன். எட்வின் அண்ணன் திட்டவில்லை. செருப்புக் காலோடு அவரே பத்துத் தடவை மிதித்துப் பார்த்தார்.

"அந்தப் பொண்ண வர சொல்லு. நா பேசணும்" என்றார். அவள் வந்ததும் அவர்தான் முதலில் "மன்னிச்சுக்கமா" என்றார்.

அதே பாட்டைத்தான் பாடுவேன் என்றாள் குமுதா. ராயபுரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வாசித்து முடித்தேன், மிதித்தேன். மண்டபத்தில் ஃபேன் சத்தம் மட்டும். அந்த அமைதிக்குள் அவள் குரல் ஏறியது. சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியவர்கள் சிலர் திரும்ப உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் எங்கள் குழுவில் அவள்தான் பாடினாள்.

இப்போது என்னிடம் நாலு பெடல் இருக்கிறது, எல்லாம் ஆன்லைனில் வாங்கியது. ஒன்றிலும் சத்தம் இல்லை, எவர் கை பட்டதென்றும் தெரியாது. நெட் குரூப்பில் யாராவது பையன் "ப்ரோ, நான் செஞ்ச பெடல்ல டப்புனு வருது" என்று எழுதினால், அந்த ரெண்டு ரெசிஸ்டரைச் சொல்லிக்கொடுக்கிறேன். உடனே வரிசையாக நன்றி வருகிறது, எனக்கு.

போன வாரம் குமுதாவுக்கு போன் போட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு ஏன் என்னைத் திட்டவில்லை என்று.

"திட்டணும்னுதான் வாசலுக்கு வந்தேன். நீ மூட்டையோட நின்னுகினு இருந்த. ரிப்பேர் பொருள் எதிர்ல இருந்தா எனுக்கு வேற எதுவும் தோணாதுப்பா."

சிரித்தாள். நான் நன்றி சொன்னேன். அன்று டீ குடித்துவிட்டு அதைச் சொல்லாமலே கிளம்பி வந்திருந்தேன்.