கோரம் இல்லாத கூட்டம்

பெரியவர்களுக்குக் கூட்டம் நடத்தச் சொல்லிக்கொடுப்பது, மீசை அரும்பாத பயல் பார்க்கக்கூடிய உத்தியோகமே இல்லை. கமிட்டி என்ற ஒன்றிடம் நீங்களும் மாட்டியிருந்தால் சொல்லாமலே புரியும்.

அருப்புக்கோட்டையில் எங்கள் வாசகசாலையைத் திறந்து மூடுவது என் வேலை. இருந்த இருபது புஸ்தகமும் எனக்கு மனப்பாடம். மதுரையிலிருந்து நூலக அதிகாரி வரும்போது, எங்கள் ஐந்து பேர் கமிட்டி முறைப்படி ஒரு கூட்டம் நடத்திக் காட்டினால் ஒரு பெட்டிப் புஸ்தகம் கிடைக்கும். இல்லாவிட்டால் பெட்டி காரியாபட்டிக்குப் போய்விடும். விதிகள் இங்கிலீஷில் வந்திருந்தன. எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் நான் ஒருவன், ஆகவே வாத்தியாரும் நானே.

முதல் பாடம்

"மூணு பேராவது இருக்கணும். அதுக்குப் பேரு கோரம். கோரம் இல்லாமக் கூட்டம் நடத்தப்படாது" என்றேன்.

தறி நெய்யும் வெங்கடேசன் மாமா விருட்டென்று எழுந்தார். அவருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். "எங்க பாஷையிலயும் கோரம்னா கோரந்தான்டா! புஸ்தகம் படிக்கிற இடத்துல எதுக்குரா அது?"

தலைவர், பருத்திக்கடை அண்ணாச்சி, சமாதானம் பண்ணினார்: "மூணு பேரு கூடினாலே பாக்கச் சகிக்காதுன்னு வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிருக்கான், உக்காருங்க."

பீரோவுக்குப் பின்னால்

ஒத்திகைக்குத் தலைவர் தவிர ஒருவரும் வரமாட்டார்கள். நான் பீரோவுக்குப் பின்னால் நின்று மற்ற நாலு பேராகவும் பேசுவேன். பரளச்சியில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி சுப்பையாவின் இருமல் எனக்கு அத்துப்படி. ஒருநாள் மாமா குரலில், "என் செலவில் ஒரு பெஞ்சு போடுவதாகப் பிரேரேபிக்கிறேன்" என்றேன். சுப்பையாவாக இருமி ஆமோதித்தேன். திரும்பினால், நிஜ மாமா என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார்! காது போச்சு என்று கையால் பொத்திக்கொண்டேன்.

"பெஞ்சை வேம்புலயே செஞ்சிருவோம். ஆனா ஏலே, நான் இம்புட்டு மூக்காலயா பேசுறேன்?"

அதிகாரி வந்த நாள்

அந்த வேம்புப் பெஞ்சில்தான் அதிகாரி உட்கார்ந்தார். கயிறு அவிழ்க்காத பெட்டி வாசலில் நின்ற வண்டியில் இருந்தது. வந்திருந்தது தலைவரும் மாமாவும் மட்டும். இரண்டு பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸு, சுப்பையா ஏறியது, வழியில் நின்றுவிட்டது. நைசாகப் பீரோவுக்குப் பின்னால் போய் இருமினேன். "நான் இங்கனதான் இருக்கேன் அண்ணாச்சி, நடத்துங்க!"

தலைவர் பீரோவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். "சுப்பையா வரலைங்கய்யா. இது எங்க வாத்தியார் குரலு. அவன் சொல்லிக்குடுத்தபடி பாத்தா கோரம் இல்லை, கூட்டமும் இல்லை."

தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தேன். என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் அழுகையாக வந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வராத ஆளையும் வந்ததா எழுதிவச்ச கமிட்டிதான் நான் பாத்ததெல்லாம். இல்லைன்னு சொல்லத் தெரிஞ்ச கமிட்டியை இன்னைக்குத்தான் பாக்குறேன். பெட்டியை இறக்குங்க, அந்த வாத்தியாரையே தூக்கச் சொல்லுங்க."

கொடுத்த புஸ்தகத்தைப் பதினைந்தாம் நாள் திருப்பிக் கேட்கிற எங்கள் கமிட்டி, நான் எடுத்துக்கொண்ட குரல்களை மட்டும் இன்றுவரை திருப்பிக் கேட்கவில்லை.