தவசியண்ணன் லிப்ட்டில் வரவில்லை

8 பிப்ரவரி 2009, ஞாயிறு. காலை 5.50. போனில் ஒன்பது மிஸ்டு கால்.

ஒன்பதும் ஆபீஸ் ஆட்கள். எங்கள் ஸ்டோர்ஸ் தவசியண்ணன் போய்விட்டார்... ராத்திரி நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து, வந்து குளித்துவிட்டு இதை டைப் செய்கிறேன். அழுது எழுதும் பதிவு இல்லை. கடுப்பில் எழுதுவது.

மதுரையில் யுபிஎஸ் சர்வீஸ் கம்பெனி எங்களுடையது. போன வருஷம் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பிராஞ்சில் இருந்து ஐந்து பேர் போக வேண்டும் என்றார்கள். நான்கு பேர் தேறினோம். மேனேஜர் ஐந்தாவதாகத் தவசியண்ணன் பேரை எழுதிவிட்டார். காரணம், தவசியண்ணன் யாரிடமும் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

மேனேஜரிடம் "சரி சார்" என்றவர், நேரே என்னிடம் வந்து, "ஏன் தம்பி, பத்து கிலோமீட்டருக்குத்தான் டவுன் பஸ் இருக்கே?" என்றார்.

ஐந்து பேரும் முடித்தால்தான் டீம் கணக்கில் வரும். அதனால் இவரை ஓட வைக்கும் வேலை என் தலையில்.

எக்ஸெல்லில் ஷெட்யூல் போட்டு ஸ்டோர்ஸ் கதவில் ஒட்டினேன். தினமும் காலை ஐந்தரை, பழங்காநத்தத்தில் இருந்து பைபாஸ் ரோட்டில் காளவாசல் வரை. சிம்பிள்.

சிம்பிள் இல்லை. நாற்பத்தாறு வயது ஆள், வேட்டியை மாற்றி டிராயர் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினால் நம் ஊரில் என்ன நினைப்பார்கள்? வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்றுதான். பால் வண்டி நிற்கும், பேப்பர் போடுகிறவர் நிற்பார், லோடு ஆட்டோ நிற்கும். "அண்ணே, ஏறுங்க."

இவர் ஏறிவிடுவார்!

நான் வியர்த்து ஊற்றிக் காளவாசல் போய்ச் சேர்ந்தால், டீ கிளாஸோடு நிற்பார். எனக்கும் ஒன்று சொல்லி வைத்திருப்பார்.

ஒரு நாள் கத்திவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "அவசரமா ஓடுறான்னு ஒரு மனுசன் வண்டிய நிப்பாட்டுறான். வேணாம்னா அவன் மொகம் சுருங்கிப்போகும்ல தம்பி."

அத்தனை நாளும் ஷெட்யூலில் டிக் வேறு போட்டு வைத்தார். கேட்டால், போய்ச் சேர்ந்தோமா இல்லையா என்பார்.

ஓட்டம் நாகமலைப் பக்கம். தேனி ரோட்டில் ஐந்து போய், ஐந்து திரும்புவது. மற்ற மூன்று பேரும் முடித்து டிபன் சாப்பிடவே போய்விட்டார்கள். நான் மட்டும் இவர் பக்கத்தில், நடையும் ஓட்டமுமாக. அவர் நடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிற்கவில்லை.

ஏழாவது கிலோமீட்டர் தாண்டி, பின்னால் ஒரு டிவிஎஸ் பிப்டி சத்தம். செத்தோம் என்று நினைத்தேன்.

ஓட்டி வந்தது அண்ணி கூடப் பிறந்தவர், ஒச்சப்பன். உசிலம்பட்டியில் இருந்து மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் மூட்டையோடு வருகிறார். அண்ணன் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு மாப்ள? ஏறுங்க மொதல்ல."

ஊர் பேர் தெரியாதவனுக்கே மறுக்காத ஆள். இது பொண்டாட்டி வீட்டுச் சொந்தம்.

தவசியண்ணன் காலை நிறுத்தவில்லை. மூச்சு வாங்க, "வேணாம் மச்சான். நெஞ்சுல நம்பர் குத்தியிருக்காய்ங்க" என்றார்.

ஒச்சப்பன் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் விட்டுவிட்டுப் போக மனசில்லை. வண்டியை உருட்டாத குறையாக, காலை ஊன்றி ஊன்றி, கடைசி வரைக்கும் கூடவே வந்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே. நடுவில் இன்னும் இரண்டு தடவை ஏறச் சொன்னார். இரண்டு தடவையும் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினார் இவர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பினிஷிங் கோட்டு வளைவுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மெடல் பெட்டி வேனில் ஏறிவிட்டது. சண்டை போட்டுத்தான் ஒன்றை இறக்கி வாங்கினேன்.

கழுத்தில் போட்டதும் அண்ணனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மூட்டையை இறக்கிவிட்டு, ஒச்சப்பன் வண்டியின் பின் சீட்டில் உட்கார வைத்தோம்.

சரியாக அந்த நேரம், டிபனுக்குப் போன மூவரில் ஒருவன், சேல்ஸ் இளங்கோ, மறந்துபோன பையை எடுக்கத் திரும்பி வந்தான். வண்டியில் அண்ணன், கழுத்தில் மெடல். அவ்வளவுதான் பார்த்தான். மறுநாள் ஆபீஸ் முழுக்க, "அண்ணே லிப்ட்லயே வந்து மெடல் வாங்கிட்டாரு."

நான் எழுந்து பேசப் போனால், இவர் முந்திக்கொண்டு, "ஆமாய்யா, மச்சான் வண்டில ஜம்முனு வந்தேன்" என்கிறார். மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்து அமுக்குகிறார். தனியாகக் கேட்டதற்கு, "சிரிச்சிட்டுப் போறாய்ங்க, விடுங்க தம்பி."

லிப்டையும் மறுக்க மாட்டார், கேலியையும் மறுக்க மாட்டார். என்ன மனுஷன் இவர்...

இன்று அவர் வீட்டில், காலேஜ் படிக்கும் மகள் அந்த மெடலைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இளங்கோ ஆறுதல் சொல்கிறானாம். அந்த லிப்ட் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தான்.

பிள்ளை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, அப்பா நெசமாவே ஓடலையா?" என்றது.

அதற்குள் தூக்கச் சொல்லிவிட்டார்கள். கொட்டுச் சத்தம். நான் சொன்னது அதன் காதில் விழவில்லை.

அதனால்தான் இங்கே. ஆபீஸ் ஆட்கள் எல்லோரும் படியுங்கள். தவசியண்ணன் பத்து கிலோமீட்டரையும் தன் காலால் முடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுத்துப் பேச இந்தத் தடவை அவர் இல்லை.

இனி செய்யப் போவது:

1. நாளை அவர் வீட்டுக்குப் போய், ஒச்சப்பனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் முழுசாகச் சொல்வேன்.

2. இளங்கோவையும் இழுத்துக்கொண்டு போவேன். வரமாட்டேன் என்றாலும்.

3. அதற்கு முன்னால், காலை ஐந்தரைக்கு பைபாஸ் ரோட்டில் ஓடுவேன். எவராவது வண்டியை நிறுத்தினால், ஒரே ஒரு தடவை ஏறிக்கொள்வேன். காளவாசலில் இரண்டு டீ சொல்வேன். போய்ட்டு வாங்கண்ணே.