சந்தேகத்துக்குச் சம்பளம்

பூட்டிய கதவை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனைவரை போய், மறுபடியும் இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற மனிதரோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அந்தப் பெண் கல்யாணமான நாளிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வந்து மணியடித்தால் உள்ளேயிருந்து "யாரு?" என்பார் கணவர். "உங்க பொண்டாட்டிதான்" என்றால் போதாது. கதவிலுள்ள ஓட்டைக்கு நேராக முகத்தைக் காட்ட வேண்டும். அவருடைய கைபேசி கேமராவின் மேல் எப்போதும் அவள் கடைப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். சொந்தத் தம்பி புது எண்ணிலிருந்து கூப்பிட்டபோது, "சின்ன வயசுல உன்னோட எதை உடைச்சேன்? அதைச் சொல்லு, அப்புறம் பேசலாம்" என்றார். "என் பல்லை. நேர்ல வா, உன்னோடதை உடைக்கிறேன்" என்று தம்பி போனை வைத்துவிட்டான். சொந்தபந்தம் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் சந்தேகம்.

பார்சல் கிடங்கில் பெட்டிகளை ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவருக்கு, இணையப் பாதுகாப்பு என்றொரு வேலை இருப்பது நாற்பதைத் தொட்டபோதுதான் தெரிந்தது. யாரையும் நம்பக் கூடாது, அதற்குச் சம்பளம் வேறு! மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்துத் தேறினார். ஒரு சின்ன நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. அழைப்பே மோசடி என்று அவர்களிடமே புகார் கொடுத்தார். அதிலேயே அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கடைசியாக ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு ரகசியச் சொல்லைக் கொடுத்து, திங்கட்கிழமை வரை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் வேலை இல்லை என்றார்கள்.

மறுநாள் அந்த நிறுவனத்து மேலாளர் மருந்துக் கடைக்கே வந்து நின்றார். சகவாச தோஷம், அவருடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் அவள் காது கொடுத்தாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே அந்தச் சொல்லைக் கேட்டுப் பாருங்க. சொல்லிட்டார்னா மறைக்காம எங்ககிட்ட சொல்லணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்கிட்டயா? எனக்குக் கதவே சீக்கிரம் திறக்க மாட்டார் சார்." கிணற்றில் போட்ட கல்லாக இருப்பார் என்ற தைரியத்தில் சம்மதித்தாள்.

அதற்குள் வீட்டில் ஒரே கூத்து. குடிநீர்க் குழாய் பார்க்க வந்தவரை உளவாளி என்று விரட்டியாகிவிட்டது. நலம் விசாரித்த மேல்வீட்டுக்காரருக்கும் அதே மரியாதை.

சனிக்கிழமை மதியம் துவைத்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது, "ஏங்க, அந்த ரகசியச் சொல் என்னதுங்க?" என்றாள்.

தலையணை உறையிலிருந்து கண்ணை எடுக்காமல் பட்டென்று சொல்லிவிட்டார்.

அவள் மடித்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அட பாவி மனுஷா! ஏன் சொன்னீங்க?"

"நீதானே கேட்ட?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்களே!"

"உன்கிட்ட என்ன?"

"அப்போ தினமும் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு என் உயிரை வாங்குறது?"

"அது நீதானான்னு தெரியணும்ல? நீன்னு தெரிஞ்சா போதும்" என்று அடுத்த உறையை எடுத்தார்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை வருடம் இதை ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று கோபமாகவும் இருந்தது. ஆசை ஆசையாகப் படித்த மனிதரின் வேலை இப்போது தன் நாக்கு நுனியில் தொங்குகிறது என்பது அதைவிட பயமாக இருந்தது.

திங்கட்கிழமை மேலாளர் கூப்பிட்டார். "சொன்னாரா?"

"எங்க சார்! வாயே திறக்கல. ரெண்டு நாளா என்னையே உளவாளி மாதிரி முறைச்சுப் பார்க்கிறார்" என்று கூசாமல் புளுகினாள். வேலை கிடைத்தது. இப்படியொரு தொலைபேசி வந்ததை அவள் கணவரிடமும் மூச்சுவிடவில்லை.

அன்று மாலை மணியடித்தாள்.

"யாரு?"

அவளுக்கு வழக்கமாக வருகிற முணுமுணுப்பு வரவில்லை. ஓட்டைக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், அவர் நிதானமாகப் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.