பம்பில் மாட்டிய கண்பை

"அக்கா, மீனோட கண்ணு மோட்டாருக்குள்ள போயிருச்சுக்கா!"

ஞாயிற்றுக்கிழமை காலை. தேனியில் கடையைத் திறந்து தொட்டி விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தேன். போனில் கம்பத்து டீச்சர். முந்தின நாள் மாலைதான் அவர் வீட்டுத் தொட்டியை சர்வீஸ் செய்துவிட்டு வந்திருந்தேன். வண்ணமீன் தொழிலில் இருபது வருடம் ஓட்டிய எனக்கே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தங்கமீனில் கண்ணுக்காகவே வாங்கும் ரகங்கள் சில உண்டு. டெலஸ்கோப்புக்குக் கண் வெளியே பிதுங்கி நிற்கும், பார்வை மட்டு. செலஸ்டியல் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். அடியில் விழுந்த தீனியைக் கண்டுபிடிக்கத் திணறும். பபிள் ஐ ரகத்துக்கு இரண்டு கண்ணுக்கும் கீழே தண்ணீர் நிறைந்த பை தொங்கும். கூரான கல், பிளாஸ்டிக் செடி, வேகமாக இழுக்கும் பம்ப் எல்லாமே அதற்கு எமன்.

டீச்சரிடம் இருந்தது பபிள் ஐ. கணவர் வெளிநாட்டில். வீட்டில் அவரும் அந்த ஒற்றை மீனும்தான். மூன்று வருடமாக அதோடு பேசிக்கொண்டே சமைப்பவர்.

"டீச்சர், மொதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க."

"பண்ணிட்டேன்க்கா. பை பம்பு வாயில இருக்குற சல்லடை இடுக்குல இறுகிப்போய் வர மாட்டேங்குது. இழுக்கவா?"

"ஐயோ, இழுத்துராதீக! மீனுக்கு அடியில கையைக் குடுத்துத் தாங்கிக்கங்க. துள்ள விட்டுராதீக. நான் இந்தா கெளம்பிட்டேன்."

டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கம்பம் பஸ்ஸில் ஏறினேன். வீரபாண்டி தாண்டியதும் கண்டக்டர் வந்தார். சில்லறைக்குப் பைக்குள் கையை விட்டபோது ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பம்பின் வாயில் மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச்.

முந்தின நாள் அதைக் கழுவிப் பிழிந்து வைத்திருந்தேன். மாட்டப் போகும் நேரத்தில் டீச்சர் காப்பி கொண்டுவந்தார். டம்ளரை வாங்குவதற்காக ஸ்பாஞ்சைப் பைக்குள் போட்டேன். குடித்தேன், ஊர்க்கதை பேசினேன், பம்பை ஓட்டிக் காட்டினேன், வந்துவிட்டேன். அந்த ஸ்பாஞ்ச் இருந்திருந்தால் கண்பை சல்லடைப் பக்கமே போயிருக்காது.

சின்னமனூரில் பஸ் நின்றே கிடந்தது. டீச்சருக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. உத்தமபாளையத்தில் மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மீன் செத்துவிட்டது என்றே முடிவு செய்துகொண்டேன். கூடவே கேவலமான ஒரு யோசனையும் வந்தது: பம்ப் பழசு என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. டீச்சர் முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு நின்றிருந்தார். போன் மேசைமேல் கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேலாக அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

சல்லடையைப் பம்பிலிருந்து கழற்றி, கட்டிங் பிளேயரால் ஒவ்வொரு கம்பியாக வெட்டினேன். மூன்றாவது கம்பி விட்டதும் மீன் விடுபட்டது. இடதுபக்கப் பை கிழிந்து சுருங்கிப்போயிருந்தது.

"கண்ணு போச்சாக்கா?"

"கண்ணு நல்லா இருக்கு டீச்சர். பைதான் போச்சு."

முன்பே பிடித்துவைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் கல் உப்பைக் கரைத்து, கல்லும் செடியும் இல்லாத டப்பில் மீனை விட்டோம். புண்ணில் கிருமி ஏறாமல் இருந்தால் பிழைத்துவிடும். டீச்சர் டப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் என்னாலதான்க்கா. காலையில தீனியை அதிகமாப் போட்டுட்டேன். அதைத் திங்கத்தான் அங்கன போயிருச்சு."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்பாஞ்சை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணல டீச்சர். நேத்து இதை மாட்டாமப் போனது நான்தான்."

அவர் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஒரு மணி நேரமா அதுக்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு நின்னேன்க்கா," என்றார்.

மீன் பிழைத்தது. பை மறுபடி வளர்ந்தது, ஆனால் மற்றதில் பாதிதான். கொஞ்சம் சாய்ந்தே நீந்துகிறது. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பம்பை ஓட விட்ட பிறகு அதன் வாயில் உங்கள் விரலை வைத்துப் பாருங்கள். விரலில் ஸ்பாஞ்ச் படாமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.

டீச்சர் இன்றும் சர்வீசுக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார். வேலை முடிந்து, நான் விரலை வைத்துப் பார்த்து, அவரும் ஒரு தடவை வைத்துப் பார்த்த பிறகுதான் காப்பி வருகிறது.